சொற்செல்வம் சேர்ப்போம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் உண்டு. அவற்றிற்கு முன்னே ஒரு சொற்பொழிவும் இருக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். குழந்தைகள் வேடம் புனைந்து திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆகவே சுருக்கமாகவே பேசுவோம்.

எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலத்தின் அரிய சொற்களை வாசிப்பின் வாயிலாக அறிந்து சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்வது எப்படி என்பது. தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். அதற்குரிய விடை பேச்சின் ஊடே தானாகவே வந்து சேரும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நமக்கு இதைப் பேசத் தகுதி ஏது என்று வேறு சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் விடை இது: பட்டதாரிகளுக்குக் கல்லூரி கொடுத்ததை நமக்குச் செய்தித்தாளும், நூலகத்துப் புத்தகமும், கிழிந்த அட்டையுள்ள ஓர் அகராதியும் கொடுத்தன. அந்த வழி எல்லோருக்கும் திறந்த வழி. கட்டணமும் இல்லை, வயது வரம்பும் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. சொற்களை அறிவதால் வரும் பயன் என்ன? தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் என்பீர்கள். இலாகா தேர்வில் பதவி உயர்வு கிடைக்கும் என்பீர்கள். இரண்டும் மெய்யே. ஆனால் அவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. நம்மவர் குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

இருப்புப்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்த ஒருவர் பணியில் இருக்கும்போதே காலமானார். அவர் மனைவியார் தமிழ் மட்டுமே வாசிக்க அறிந்தவர். மூத்த பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை வேண்டி மனுச் செய்திருந்தார். பல மாதங்கள் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து நான்கு வரிக் கடிதம் ஒன்று வந்தது. மனுவை இப்போது பரிசீலிக்க இயலாது என்று ஒரு வரி. ஒரு சான்றிதழ் வந்து சேரும் வரையில் அது ‘அபேயன்ஸ்’ நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அடுத்த வரி. வாசித்துச் சொன்னவர்கள் முதல் வரியோடு நின்றார்கள். இரண்டாம் வரியிலிருந்த அந்த ஒரு சொல் யாருக்கும் பிடிபடவில்லை. மனு தள்ளுபடியாயிற்று என்று முடிவு கட்டினார்கள். அந்த அம்மையார் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போவதென்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். “அத்தை, இது தள்ளுபடி இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்ட தாளை அனுப்பினால் மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள்” என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது? 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் இராஜத்துரோகச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தபோது, ஆங்கிலச் செய்தித்தாள்கள் எல்லாம் அதே ‘அபேயன்ஸ்’ என்னும் சொல்லைத்தான் அச்சிட்டன. சட்டம் ஒழிக்கப்படவில்லை, செயற்படாமல் நிறுத்தப்பட்டது என்று செய்தியின் போக்கிலேயே அவள் பொருள் கண்டிருந்தாள். சான்றிதழ் போயிற்று. ஓர் ஆண்டுக்குள் பிள்ளைக்கு வேலையும் வந்தது.

அன்பர்களே! ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்த ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். அதனால் ஒரு குடும்பம் இவ்வூரில் நின்றது. நம்மைப் போன்றவர்களின் வாழ்வு கடிதங்களால் ஆனது. ஓய்வூதியம், வைப்புநிதி, மாற்றல் உத்தரவு, மருத்துவச் சான்று, வங்கிப் பத்திரம், காப்பீட்டு விதி ஆகிய யாவும் அநேகமாக ஆங்கிலத்திலேயே வருகின்றன. அக்கடிதங்களை எழுதுவோர் அரிய சொல் எது, எளிய சொல் எது என்று பார்த்து எழுதுவதில்லை. நாம்தான் ஆயத்தமாய் இருக்க வேண்டும்.

இனி, சொற்களைச் சேர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் வழி ஒன்று உண்டு. நம் முன்னோர் அவ்வழியை அறியாதவர் அல்லர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் பாட்டாகவே நெட்டுருச் செய்தார்கள். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்துத் தரும் முன்னர், அகராதியும் நிகண்டும் ஒன்றாக மாணவன் நாவிலேயே இருந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிகண்டை நெட்டுருச் செய்த மாணவன் அதோடு நின்றுவிடவில்லை. அடுத்துப் பல நூல்களை வாசித்தான். நிகண்டில் பெயரளவில் அறிந்த சொல்லை நூலில் நேருக்கு நேர் சந்தித்தான். நம் பிள்ளைகளோ பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அச்சொற்கள் எல்லாம் விடைபெற்றுக்கொண்டு போய்விடுகின்றன.

பட்டியலில் உள்ள சொல், பிளாட்பாரத்தில் நிற்கும் முன்பின் அறியாத மனிதரைப் போன்றது. முகம் பார்ப்போம், மறந்துவிடுவோம். வாக்கியத்தில் உள்ள சொல், தன் வீட்டில் மனைவி மக்களோடு இருக்கும் மனிதரைப் போன்றது. அவர் யாருக்கு யார், என்ன குணம், எவரோடு சேருவார், எவரோடு சேரமாட்டார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆகவேதான் வாசிப்பே சிறந்த வழி என்கிறோம்.

வாசிக்கும்போது தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைப் புரட்ட வேண்டா. முதலில் ஊகிக்க வேண்டும். ஓர் உதாரணம். வடநாட்டுக் குளிர்காலத்தில் மூடுபனியால் வண்டிகள் தாமதமாகும்போது ‘இன்க்ளெமென்ட் வெதர்’ என்று அறிவிப்புகளில் எழுதுவார்கள். மோசமான வானிலை என்று யாரும் ஊகித்துவிடலாம். ஊகித்த பின் அகராதியைப் பாருங்கள். ‘க்ளெமென்சி’ என்றால் இரக்கம், கருணை. தூக்குத் தண்டனை பெற்றவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் கருணை மனுவுக்கு அச்சொல்லையே வழங்குகிறார்கள். அப்படியானால் ‘இன்க்ளெமென்ட்’ என்பது இரக்கமற்றது. இரக்கமற்ற வானிலை! தை மாதத்து அதிகாலை நான்கு மணிக்கு இவ்வூர் யார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இச்சொல் இனி மறக்குமா?

ஊகிப்பது ஒன்று, உறுதி செய்வது இரண்டு, எழுதி வைப்பது மூன்று. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். சொல்லை மட்டும் எழுதாதீர்கள். எந்த வாக்கியத்தில், எந்தத் தாளில், எந்தத் தேதியில் கண்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்சல் பதிவேட்டில் புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம், தேதி எல்லாம் எழுதுகிறோம் அல்லவா? விவரமில்லாத பார்சல் எங்காவது கிடந்து மக்கிப்போகும். சொல்லும் அப்படியே.

நான்காவது, திரும்பிப் பார்ப்பது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற உடனேயே மறதி மிக வேகமாக வேலை செய்கிறது, பின்னர் மெதுவாகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் நினைவு நிலைக்கிறது என்பதே அவர் கண்டது. ஆகவே எழுதிய சொல்லை மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள். வாரத்துக்கு இரண்டே சொல் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு நூற்று நான்கு சொற்கள் நம்முடையவை ஆகும். பத்தாண்டில் ஆயிரத்துக்கு மேல். அவசரம் ஒன்றும் இல்லை.

இப்போது கைப்பேசியிலேயே அகராதி இருக்கிறது. விரலால் தொட்டால் பொருள் வருகிறது, நோட்டுப் புத்தகம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். வேண்டியபோது பார்ப்பதற்குக் கைப்பேசி மிகவும் நல்லது, நாமும் பார்க்கிறோம். ஆனால் தொட்ட வேகத்தில் வந்தது, விட்ட வேகத்தில் போய்விடுகிறது. கையால் எழுதியது சற்றே தங்குகிறது.

ஐந்தாவதாக, சொல்லின் வேரைப் பாருங்கள். இதில் கிடைக்கும் இன்பத்துக்கு அளவே இல்லை. நம் பயணச்சீட்டில் ‘வயா’ என்று அச்சிட்டிருக்கும். நாக்பூர் வழியாக, விஜயவாடா வழியாக என்பது பொருள். அது இலத்தீன் மொழியில் ‘வழி’ என்னும் பொருளுடைய சொல். அந்த ஒரு சொல்லிலிருந்து எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கின்றன என்று பாருங்கள். வழியை விட்டு விலகுவது ‘டீவியேட்’. வழியில் எதிரே வந்து நிற்பது, அதாவது வெளிப்படையானது, ‘ஆப்வியஸ்’. வழியில் முன்னே சென்றது ‘ப்ரீவியஸ்’. ஊடே செல்ல வழியே இல்லாதது, எதுவும் உட்புகாதது, ‘இம்பெர்வியஸ்’. முதல் மூன்றும் எளிய சொற்கள். நான்காவது அரிய சொல். முதல் மூன்றையும் அறிந்தவர்க்கு நான்காவது அயலார் அன்று.

அற்பமானது என்னும் பொருளில் ‘ட்ரிவியல்’ என்றொரு சொல் உண்டு. மூன்று வழிகள் கூடும் இடம் என்பதிலிருந்து அது வந்தது. முச்சந்தியில் கிடைக்கும் சாதாரணப் பொருள், முச்சந்தியில் பேசும் பேச்சு என்று பொருள் படிப்படியாக இறங்கிற்று என்பார்கள். ஆனால் மூன்று வழிகள் கூடும் இடம் என்றால் நமக்கு ஜங்ஷன் அல்லவா? ஜங்ஷனை அற்பம் என்று எந்த இரயில்வேக்காரர் ஒப்புவார்!

நம் தொழிலிலேயே தோண்டத் தோண்டச் சொற்கள் வரும். சரக்கு வண்டிப் பெட்டியின் பக்கவாட்டில் ‘டேர்’ என்று வெற்றுப் பெட்டியின் எடையைப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். கழித்துத் தள்ளப்படுவது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழியாக வந்தது அது. குறித்த நேரத்துக்குள் பெட்டியைக் காலி செய்யாத வியாபாரி கட்டும் ‘டெமரேஜ்’, தங்குதல், தாமதித்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘டிக்கெட்’ என்பதும், நன்னடத்தையைக் குறிக்கும் ‘எட்டிகெட்’ என்பதும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் மக்கள். சீட்டில்லாமல் பயணம் செய்பவரிடம் இரண்டும் இல்லை என்பதை டிக்கெட் பரிசோதகர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள்.

குமாஸ்தாக்கள் பலரும் தடுமாறும் இரு சொற்களையும் இங்கே கூறிவிடுவோம். நகராமல் நிற்பதற்கு ‘ஸ்டேஷனரி’ என்று பெயர். காகிதம், பேனா முதலியவற்றிற்கும் ‘ஸ்டேஷனரி’ என்றே பெயர். ஒலி ஒன்று; எழுத்தில் ஓர் உயிரெழுத்து வேறு. இவ்விரண்டும் உறவுடையவை. பழங்காலத்தில் ஊர் ஊராய்ச் சுற்றி விற்பவர்களைப் போலன்றி, ஓரிடத்திலேயே நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவர் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டார். அவர் விற்ற பொருள் ‘ஸ்டேஷனரி’ ஆயிற்று. காரணம் தெரிந்தால் குழப்பம் தானே விலகும்.

இனி, பயன் கருதாமல் மகிழ்ச்சிக்காகவே சேர்க்கத்தக்க சொற்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

கோடை முடிந்து முதல் மழை விழும்போது வறண்ட நிலத்திலிருந்து ஒரு மணம் எழுகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் 1964ஆம் ஆண்டு வரை தனிப் பெயர் வழங்கவில்லை. அவ்வாண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இருவர் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லையும், தேவர்களின் நரம்புகளில் ஓடுவதாகக் கதைகள் கூறும் திரவத்தைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர் அது. நமக்கோ அது ‘மண்வாசனை’. பாட்டி முதல் பேத்தி வரை எல்லோர் வாயிலும் உள்ள சொல். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அந்த மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராகவே விற்கிறார்கள். விஞ்ஞானிகள் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது நம் நாட்டார் அதைக் குப்பியில் அடைத்து வைத்திருந்தார்கள்!

தேடாமலே நல்லதொன்று தற்செயலாய்க் கிடைப்பதற்கு ‘செரண்டிபிட்டி’ என்று பெயர். ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754ஆம் ஆண்டு ஜனவரியில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் படைத்தார். செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர்களுள் ஒன்று. அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையிலிருந்து அவர் சொல்லை எடுத்தார். வாசிப்பில் கிடைக்கும் சொற்கள் பெரும்பாலும் இவ்வாறு கிடைப்பவையே. வடை கட்டி வந்த தாளில் ஒரு சொல். காத்திருப்பு அறையில் யாரோ விட்டுச் சென்ற பத்திரிகையில் ஒரு சொல்.

தித்திப்பு அளவுக்கு மீறி நாக்கு வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘க்ளாய்’ என்று ஒரு சிறிய சொல் உண்டு. அதைப் பேச்சில் அடிக்கடி கேட்க முடியாது. நாமோ ‘தெவிட்டுகிறது’ என்று சாதாரணமாய்ச் சொல்வோம். அதிரசத்துக்கும் சொல்வோம், அளவுக்கு மீறிய புகழ்ச்சிக்கும் சொல்வோம்.

மற்றொரு சொல்லை நம் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டும். ‘அவங்குலர்’ என்று ஓர் அரிய சொல். அன்பும் பரிவும் உள்ள மாமனைப் போன்ற என்பது பொருள். ‘அவங்குலஸ்’ என்பது இலத்தீனில் தாயின் உடன்பிறந்தவரைக் குறிக்கும். தந்தையின் உடன்பிறந்தவருக்கு அம்மொழியில் வேறு பெயர் இருந்தது. தாய்மாமனைக் குறித்த சொல்லிலிருந்துதான் ‘அங்கிள்’ பிறந்தது. பிறந்த பின் அது மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பழைய உரோமர்கள் போற்றிய வேற்றுமையை ஆங்கிலம் இழந்தது, தமிழ் இழக்கவில்லை. ஆனால் இக்காலனியில் நம் குழந்தைகள் தாய்மாமனையும் அங்கிள் என்கிறார்கள். சித்தப்பாவையும் அங்கிள் என்கிறார்கள். பால்காரரையும் அங்கிள் என்கிறார்கள். ஆங்கிலம் இழந்ததை நாமும் வலிய இழக்க வேண்டுமா? ஓர் அரிய ஆங்கிலச் சொல்லை வேரோடு கற்றால், நம் வீட்டுச் சொல்லின் அருமை தெரிகிறது. தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலச் சொல் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே நம் விடை.

இன்னும் ஒன்று கூறுவோம். ஆங்கில அகராதியில் நம் சொற்களே வேற்று உடையில் உட்கார்ந்திருக்கின்றன. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘முல்லிகாட்டானி’ என்னும் சூப் ஆயிற்று. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையை வெள்ளையர் ‘கிராண்ட் அனிகட்’ என்றே எழுதினார்கள். வெட்டிவேர் பிரெஞ்சு வழியாக ‘வெட்டிவர்’ ஆகி வாசனைத் திரவியப் புட்டிகளில் ஏறியது. நம் நாட்டுச் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ நம் காசு என்பதிலிருந்து வந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு, அது பிரெஞ்சிலிருந்து வந்தது. இத்தகைய சொற்களைத் திரட்டி ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி 1886இல் வெளிவந்தது. அதைத் தொகுத்த இருவருள் ஒருவரான ஏ. ஸி. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர்.

அகராதி என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜேம்ஸ் மரே என்பது அவர் பெயர். ஸ்காட்லாந்து நாட்டுக் கிராமமொன்றில் 1837இல் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பதினான்காம் வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. வாழ்க்கையில் சில காலம் வங்கியில் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்தார். ஆம், குமாஸ்தா! படித்துக்கொண்டே இருந்தார். ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் பொறுப்பு அவரிடம் வந்தது. நாடெங்கும் உள்ள வாசகர்களுக்கு 1879இல் ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகம் படியுங்கள், அரிய சொல்லையோ, அரிய முறையில் வழங்கிய எளிய சொல்லையோ கண்டால், அவ்வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். சீட்டுகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன. முதற்பகுதி 1884இல் வந்தது. பணி 1928இல் நிறைவேறியபோது நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. மரே அதைக் காணவில்லை, 1915இலேயே மறைந்தார். உலகின் மிகப் பெரிய அகராதிகளுள் ஒன்று, சாதாரண வாசகர்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளால் ஆனது. நோட்டுப் புத்தகத்தில் வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று முன்னர்ச் சொன்னோமே, அது அவர் காட்டிய வழிதான்.

நம் மொழிக்கும் அத்தகைய உழைப்பு நிகழ்ந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அனுபந்தம் 1939இல் வந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. அவற்றுள் ஆயிரமாவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பதே நம் கவலை.

முடிக்கும் முன்னர் ஓர் எச்சரிக்கையும் தேவை. அரிய சொல்லை அறிவது வேறு. அதை எங்கும் அள்ளி வீசுவது வேறு. பண்டைக் கிரேக்கத்தில் அப்பெலீஸ் என்னும் ஓவியர் தம் படத்தை மக்கள் பார்வைக்கு வைத்தார். செருப்புத் தைக்கும் ஒருவர் படத்திலுள்ள செருப்பில் ஒரு குறை கண்டு சொன்னார். ஓவியர் அதைத் திருத்தினார். மறுநாள் அவர் காலின் அமைப்பிலும் குறை சொல்லத் தொடங்கினார். செருப்புக்கு மேலே போகாதே என்று ஓவியர் தடுத்துவிட்டார் என்பது கதை. அக்கதையிலிருந்து, தமக்குத் தெரியாத துறையில் தீர்ப்புச் சொல்பவரைக் குறிக்க ‘அல்ட்ராக்ரெபிடேரியன்’ என்று ஒரு சொல்லை ஹாஸ்லிட் என்னும் எழுத்தாளர் 1819இல் வழங்கினார். வேடிக்கையான சொல்தான். ஆனால் அதை விடுப்பு விண்ணப்பத்தில் எழுதினால் விடுப்புக் கிடைக்காது! அறிந்து வைத்திருக்க நூறு சொல். கடிதத்தில் எழுத அவற்றுள் மிக எளியது ஒன்று. பிறர் எழுதியதைப் புரிந்துகொள்ளவும், நாம் எழுதுவது பிறருக்குப் புரியவுமே சொல்வளம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வூரில் பிறந்த நம் பிள்ளைகள் வீதியில் இந்தி பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். வீட்டில் தமிழ் கேட்கிறார்கள். மூன்று மொழிகள் தெரிந்தும் மூன்றிலும் சொற்பஞ்சம் என்னும் நிலை வந்துவிடக் கூடாது. மழை என்றால் ‘ரெய்ன்’ என்று மட்டும் தெரிகிறது. தூறல், சாரல், தூவானம், அடைமழை என்று வேற்றுமை தெரியவில்லை. ‘ட்ரிஸில்’ என்றால் தூறல் என்பதும் தெரியவில்லை. நெல்லையிலிருந்து வந்தவர்கள், தஞ்சையிலிருந்து வந்தவர்கள், கோவையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இக்காலனியில் இருக்கிறோம். ஒவ்வொருவரும் ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு சொற்களையும் கொண்டு வந்திருக்கிறோம். அவற்றைப் பிரித்துக் கொடுக்காமலே ஓய்வு பெற்றுப் போய்விடலாகாது.

ஆகவே, சங்கத்து வாசகசாலை மேசைமேல் ஓர் ஆங்கில அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும், ஒரு பெரிய நோட்டுப் புத்தகமும் வைக்க வேண்டுகிறோம். ஞாயிறுதோறும் மாலையில் பிள்ளைகள் அவ்வாரம் வாசிப்பில் கண்ட ஆங்கிலச் சொல் ஒன்றை, அதன் வாக்கியத்தோடு இடப்பக்கத்தில் எழுதட்டும். அதற்குத் தம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று பெரியவர்கள் வலப்பக்கத்தில் எழுதட்டும். தாய்மார்கள் அவசியம் எழுத வேண்டும். சமையலறைச் சொற்களும், தாலாட்டுச் சொற்களும், வைதாலும் இனிக்கும் சொற்களும் அவர்களிடமே இருக்கின்றன. அடுத்த ஆண்டு விழா மலரில் அந்த நோட்டிலிருந்து இரண்டு பக்கம் அச்சிடலாம். நோட்டுப் புத்தகத்தின் விலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த ஞாயிறே கொண்டு வருவோம். எழுத வருவோர் பேனாவோடு வந்தால் போதும்.

திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை ஒலி கேட்கிறது. குழந்தைகளை இனியும் காக்க வைத்தால் அது தெவிட்டும் பேச்சாகிவிடும்.